போர்டை மறைத்த புங்கமரம்

நேற்று என் மகள் கைப்பேசியைத் தள்ளிவைத்துவிட்டு வந்து நின்றாள். "மழைக்காட்டக் காப்பாத்தணும்னு எல்லாரும் ஒத்துக்கற மாதிரி கட்டுரை எழுதணுமாம்மா. எப்டி ஆரம்பிக்கறது?" பள்ளிக்கூடத்தில் எது மாறினாலும் இந்தத் தலைப்பு மட்டும் மாறாது போலிருக்கிறது. எனக்கோ சட்டென்று புங்கம்பூ வாசனை வந்தது. மழைக்காட்டுக்கும் புங்கம்பூவுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது, கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

செஞ்சிக்காரர்களுக்கு மலை என்றால் பாறைதான். இடுக்கில் கொஞ்சம் பச்சை தெரியும், அவ்வளவே. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தப் பாறைகள் சாயங்காலம் ஊருக்குள் திருப்பி அனுப்பும். அப்படிப்பட்ட ஊரில் பத்தாவது படித்த நான், வெயில் தரையைத் தொடாத காட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். "படிச்சா கல்லும் கரையணும்" என்றிருந்தார் தமிழய்யா. கல்லுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஆனால் நான் கரைக்க நினைத்தது ஒரே ஒரு ஆளை, என் நைனாவை.

கடைத்தெருவில் நைனாவுக்கு மளிகைக்கடை. வாசலில் ஒரு புங்கமரம். வல்லத்திலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் வருகிறவர்கள் அந்த நிழலில் மூச்சு வாங்கிவிட்டுத்தான் கடைக்குள் நுழைவார்கள். பங்குனியில் பூ உதிர்ந்து, பொரி கொட்டியதுபோல் வாசல் வெளுத்துக் கிடக்கும். நான் வீட்டுப்பாடம் எழுதுவதும் அங்கேதான். அந்த வருடம் நைனா விளக்கு வைத்த புதுப் போர்டு ஒன்றை மாட்டினார். மரம் அதை மறைத்தது. "இம்மாம் பெரிய போர்டு மாட்டி இன்னா புண்ணியம்? பஸ்ல போறவன் கண்ணுக்கே தெரியல. வெட்டிட வேண்டியதுதான்."

நைனாவிடம் நேருக்கு நேர் மறுத்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. வீட்டில் உப்பு தீர்ந்தால்கூட அம்மா சுவரைப் பார்த்துத்தான் சொல்வார். "சில வூட்ல மளிகைக்கடை இருந்தும் உப்பு இருக்காது" என்பார். மறுநாள் உப்பு வந்துவிடும்.

அதனால் நானும் ஜாடையாகவே எழுதினேன். அமேசானில் மரங்களைச் சாய்த்தேன், கூடிழந்த பறவைகளை அழவிட்டேன். நிழல் யாருக்கும் தனிச்சொத்தில்லை என்று ஒரு வரி வைத்தேன். அந்த வரியில் நைனாவுக்கு உறைத்துவிடும் என்பது என் கணக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவருக்குப் படித்துக் காட்டினேன்.

நைனா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவிப் பசங்க, காட்டயே அழிக்கறானுங்களே!" வெல்லம் வாங்க வந்தவர், கடலை மூட்டை ஏற்ற வந்தவர் ஒருவரையும் விடவில்லை. "எம் பொண்ணு எழுதிருக்குது, கேளு" என்று பிடித்து நிறுத்தி அமேசான் கதையைச் சொன்னார். மரம் பிழைத்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை ஆள் வந்து மரத்தை வெட்டினார். கிளைகள் விழுந்துகொண்டிருக்கும்போதே நைனா பக்கத்துக் கடைக்காரரிடம் அமேசானுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். நான் கடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் போர்டு பளிச்சென்று தெரிந்தது. மத்தியானம் பழக்கதோஷத்தில் நைனா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். போட இடமில்லை. ஸ்டூலும் கையுமாக வெயிலில் நின்றவர், என் பக்கம் திரும்பினார்.

"நீ எழுதனது நம்ம மரத்தயா பாப்பா?"

தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லிருந்தா வுட்டிருப்பேனே."

அதற்கப்புறம் அவர் யாரிடமும் அமேசானைப் பற்றிப் பேசவில்லை.

மகளிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. "உனக்கு இன்னா வேணுமோ, அத மொதல் வரிலயே கேட்டுடு" என்று மட்டும் சொன்னேன்.

இன்று நைனா இல்லை. கடை கைமாறி செல்போன் கடையாகிவிட்டது, போர்டும் போய்விட்டது. வாசலில் நிழலுக்குப் பச்சை வலை கட்டியிருக்கிறார்கள். பங்குனியில் அந்தப் பக்கம் போனால், பூவை மிதித்துவிடுவேனோ என்று கால் தானாகத் தயங்குகிறது. குனிந்து பார்த்தால் வெறும் சிமெண்ட் தரை.