தேய்ந்த பொம்மைகளுக்கு ஒரு விளக்கம்

சாலோமி டீச்சர் எங்கள் தெருதான். சீவலப்பேரி ரோட்டோரத்து அங்கன்வாடியில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறார். ஆபீசுக்கு எழுதும் கடிதம் எதுவானாலும் என்னிடம் வந்துவிடுவார். நான் பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன். எந்தக் கடிதத்துக்கு எந்த வார்த்தை என்பது எனக்கு அத்துப்படி.

அங்கன்வாடியின் கூரை மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது. பிள்ளைகள் தூங்கும் பாயை டீச்சர் நனையாத மூலை பார்த்து இழுத்துக்கொண்டே இருப்பார். தர ஆய்வில் 'ஏ' வாங்கும் மையங்களுக்குத்தான் முதலில் கூரை மராமத்து என்று போன வருஷம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த 'ஏ' ஒன்றே அவருக்குக் குறி. எடை, உயரம், வருகை எல்லாவற்றையும் செல்போனில் ஏற்றினார். சிக்னல் கிடைக்காத நாளில் ஆற்றுப்பாலம் வரை நடந்துபோய் ஏற்றினார். சுவருக்குத் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்தார்.

ஆய்வுக்கு வந்த மேற்பார்வையாளர் அனுராதா எல்லாவற்றுக்கும் டிக் அடித்துக்கொண்டே வந்தார். விளையாட்டுச் சாமான்கள் இருந்த பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்ததும் பேனா நின்றுவிட்டது. மரக்கட்டைகளில் சாயம் போயிருந்தது. ரயிலுக்கு இரண்டு சக்கரம் இல்லை. யானையின் காதில் பல் தடம்.

"பக்கத்து ஊர்ல போய்ப் பாருங்க டீச்சர். பிரிக்காம அப்படியே புதுசா இருக்கு. அவங்களுக்கு முழு மார்க்கு."

சாலோமிக்கு 'பி' வந்தது. கூடவே, சாமான்கள் சேதமானதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பழகிய கை, 'எனது கவனக்குறைவால்' என்றுதான் தொடங்கியது. அப்படி எழுதிக் கொடுத்தால் ஃபைலை மூடிவிடுவார்கள், அடுத்த ஆய்வில் பார்த்து 'ஏ' போடுவார்கள். வாசித்துவிட்டு டீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இத நான் எழுத மாட்டேன் அண்ணாச்சி. பிள்ளைய விளையாடுததுக்குத்தான தந்தாவ?"

"கூரை வேண்டாமா?"

"வேணும். நனையுதது எம் பிள்ளையதான்." நான் எழுதிய வரியைத் தொட்டுக் காட்டினார். "அதுக்காவ இது தப்புன்னு எங்கையால எழுதணுமா?"

பேனாவை வாங்கி, 'பிள்ளைகள் விளையாடியதால் தேய்ந்தன' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசியில் பதில் வந்தது. விளக்கம் ஏற்கத்தக்கதல்ல, இனி சாமான்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டவும், இணங்கியதைத் தெரிவிக்கவும். அவர் வீடு பூட்டியிருந்ததால் தபாலை வாங்கிவைத்த நான், குடையோடு அங்கன்வாடிக்கே கொண்டுபோனேன். நல்ல மழை. பிள்ளைகள் உலர்ந்த மூலையில் சக்கரமில்லாத ரயிலைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் பெட்டி நடு அறையில், ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே, பாதி மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது.

டீச்சர் கடிதத்தைப் படித்தார். என்ன பதில் எழுத என்று கேட்டேன்.

"பெட்டிக்கு இப்ப வேற சோலி இருக்குன்னு எழுதுங்க அண்ணாச்சி."

ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினேன்.