அறுபதடி கேபிளும் ஆறு செங்கல்லும்

எங்கள் வீட்டு மண்ணுக்குள் என்ன கோளாறு என்று பார்க்க வந்த தணிகைவேலிடம் நான் பொய் சொன்னேன். மறுநாள் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் சஹாபுதீன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்சிஜன் மிஷினோடு வருகிறார். மிஷின் நிற்காமல் ஓட வேண்டும், வீட்டுக் கரண்டை ஆள் வைத்துப் பார்த்த பிறகுதான் கூட்டிப் போக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அவ்வளவும் தெரிந்துதான் பொய் சொன்னேன். என் வாய் அப்படி.

தணிகைவேலைப் பொன்னேரியில் நிறையப் பேருக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன், லீவு நாளில் வீடுகளுக்கு வருவார். ஐம்பதை நெருங்கிய மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். சீக்கிரத்தில் "ஓகே" சொல்ல மாட்டார் என்பதுதான் அவர் மேல் ஊர் சொல்லும் ஒரே குறை.

எங்கள் மீட்டர் கேட்டுப் பக்கம் இருக்கிறது. வீடு அறுபதடி உள்ளே. நடுவில் கேபிள் மண்ணுக்குள் போகிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பழவேற்காட்டிலிருந்து வந்து இங்கே வீடு கட்டியபோது போட்டது. கேபிள் மேல் மணல், மணல் மேல் வரிசையாகச் செங்கல். பிற்பாடு யாராவது தோண்டினால் மண்வெட்டி கல்லில் பட்டு நிற்கும் அல்லவா, அதற்காக. "ஜானு, அந்தக் கல்லுல மட்டும் கை வெக்காத," என்று என் வீட்டுக்காரர் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தார்.

தணிகைவேல் வந்ததும் பையைத் திறக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"துணி தோய்க்கிற தண்ணி எந்தப் பக்கம் போவுதுக்கா? மரம் இன்னா இன்னா வெச்சீங்க? ஆடு கட்ட முளை அடிச்சீங்களா? எங்கனா அடுப்பு மூட்டுனீங்களா?"

"கேபிள் பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஊட்ல இருக்கிற பொம்பளைங்களக் கேக்காம ஒருவாட்டி ஓகே சொல்லிட்டேன்க்கா," என்றார். ஆரணியில் ஒரு வீடாம். துவைக்கிற கல் எங்கே என்று கேட்காமலே வந்துவிட்டாராம். மூன்றாம் மாதம் அங்கே துணி பிழிந்துகொண்டிருந்த ஞானம்மா என்கிற அம்மாளைக் கரண்ட் தூக்கி அடித்துவிட்டது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. "வருஷா வருஷம் போய்ப் பாத்துக்கினுதான் இருக்கேன். அந்தக் கையாலதான் எனக்குச் சோறு போடும். தலை நிமிந்து சாப்ட முடியாதுக்கா."

கேட்டதும் எனக்கு என்னவோ போலிருந்தது. தண்ணீர் போகிற வழி, முருங்கை, ஆட்டு முளை எல்லாம் சொன்னேன். அடுப்பை மட்டும், "அதெல்லாம் இல்லியே," என்று சொல்லிவிட்டேன்.

உண்மை இதுதான். இந்த வீட்டுக்கு வந்த முதல் ரம்ஜானில் தெருவுக்கே நோன்புக் கஞ்சி ஊற்ற ஆசைப்பட்டேன். தேக்சா என்கிற பெரிய அண்டாவை வைக்க அடுப்புக்குக் கல் இல்லை. மண்ணைக் கிளறி, வரிசையிலிருந்து ஆறு செங்கல்லை உருவி, அதே குழியில் அடுப்புக் கூட்டினேன். பன்னிரண்டு வருஷமாக நோன்பு மாசம் முழுக்க அதே இடத்தில்தான் கஞ்சி. இவருக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படுவார் என்று மூச்சு விடவில்லை.

"வேற இன்னா பேஜாரு?" என்று தணிகைவேல் கேட்டார்.

"நோன்பு மாசத்துல தெனம் நாலு மணி அஸர் தொழுகைக்கு மேல கரண்ட் போயிடும். நானும் வாயாரத் திட்டுவேன்."

"தெருவுக்கேவா, இந்த ஊட்டுக்கு மட்டுமா?"

"பட்டப்பகல்ல யார் போய்ப் பாத்தா?"

அவர் பென்சிலால் காதைச் சொறிந்துகொண்டு எழுந்தார். கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி, கேபிள் தோலைச் சோதிக்கும் மெக்கர் மிஷினை மாட்டிப் பார்த்தார். முள் ஏறவே இல்லை. "எங்கியோ தோல் போயிருக்குக்கா," என்றார். முருங்கையடியில் தோண்டினார், கேபிள் புதுசு மாதிரி இருந்தது. ஆட்டு முளையடியில் தோண்டினார், அங்கேயும் ஒன்றுமில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

"எடம் தெரிஞ்சா அத்த மட்டும் வெட்டி இன்னிக்கே சேத்துருவேன். முழுசா மாத்தணும்னா ரெண்டு மூணு நாள் ஆவும். அண்ணன அதுக்கப்பறம் கூட்டிக்கினு வரலாமா?"

பத்தொன்பது நாளாக ஆஸ்பத்திரியில் அந்த மனுஷர், "எப்ப ஜானு ஊட்டுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

"தணிகை, இங்க தோண்டு," என்று அடுப்பு இடத்தில் போய் நின்றேன். ஆறு கல்லின் கதையையும் அழுதுகொண்டே சொன்னேன்.

ஒரு முழம் தோண்டியதும் மண் கறுப்பாக வந்தது. கேபிளின் மேல் தோல் சுட்ட கத்தரிக்காய் மாதிரி சுருங்கி வெடித்திருந்தது. என்னைத் திட்டிக் கிழித்துத் தொங்கவிடப் போகிறார் என்று நின்றேன்.

"எவ்ளோ பேருக்குக்கா கஞ்சி?"

"நூறு பேரு இருக்கும்."

"அப்ப வேவாம இன்னா செய்யும்?" என்றார்.

வெந்த நாலடியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டு வைத்து, இரண்டு முனையும் தண்ணீர் புகாதபடி மூடினார். மறுபடி மெக்கர் வைத்தார். முள் கடைசி வரை போய் நின்றது. மணல் போட்டு, கரி பிடித்த அந்த ஆறு செங்கல்லையும் என் கையாலேயே வரிசையில் வைக்கச் சொன்னார். அப்போதும் "ஓகே" வரவில்லை. "நாளைக்கு மிஷின் ஓடட்டும், வந்து பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை மதியம் இவர் வந்தார். பாதியாகியிருந்தார். மூக்கில் குழாயை மாட்டி சுவிட்சைப் போட்டதும் மிஷின் ஓட ஆரம்பித்தது. தணிகைவேல் சொன்னபடியே வந்து, மீட்டர் பெட்டியில் ஒயரெல்லாம் சூடாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்டி," என்றார் இவர்.

"இன்னா தெரியும்?"

"மொத நாளே அடுப்புல கல்லைப் பாத்தேன். தெருவே பாத்திரத்தோட வந்து நின்னுது. உன் மூஞ்சில அப்டி ஒரு சந்தோஷம். சொல்ல வாய் வரல. ஒயர் வேவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "கரண்டு மேல நின்னு கஞ்சி கிண்டிக்கினு இருந்தேனே! நான் செத்தா பரவால்லியா?"

"உன்னக் கரண்டுல நிக்க உட்ருவேனா? நீ அடுப்பு மூட்டப் போனதும் நான் கேட்டாண்ட போய் மெயினை ஆஃப் பண்ணிடுவேன். தேக்சாவ எறக்கன அப்பறம்தான் போடுவேன்."

பன்னிரண்டு வருஷம். நோன்பு வாயோடு, ஃபேன் இல்லாமல், கேட்டருகே பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பைத்தியமா, ஏன் அங்க உக்காந்துகினு கீறீங்க?" என்று இங்கிருந்தே கத்துவேன். ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. இவர் காலைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். வாசலில் தணிகைவேல், "ஓகேக்கா!" என்று குரல் கொடுத்தார்.

"அழுவாதடி ஜானு," என்றார் இவர். "மிஷின் ஓடுற சத்தமே கேக்கல."