எரிச்சல் நின்ற கால்

குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் சர்க்கரை நோயாளிகளின் நரம்பு கெடுவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற செய்தியை எங்கள் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்துக்கு நான்தான் எழுதினேன். அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வந்தது. இடம் போதவில்லை, கடைசிப் பத்தியை வெட்டினேன். இது இன்னும் உறுதியாகவில்லை, யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று சொன்ன பத்தி அது.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் தக்காளி போடும் என் அக்கா கணவர் அதைப் படித்திருக்கிறார். சர்க்கரையால் அவருக்கு இரண்டு பாதங்களிலும் எரிச்சல். ஈரத்துணி சுற்றிக்கொண்டுதான் படுப்பார். மாத்திரையை விட்டுவிட்டு, மூன்று வேளையும் புளித்த கேழ்வரகுக் கூழும் மோரும் குடிக்கத் தொடங்கினார். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்துப் போனபோது, நான் உட்காருவதற்குள் காலை நீட்டிக் காட்டினார்.

“மாப்ளே, எரிச்சல் சுத்தமா போயிருச்சு. எல்லாம் நீ எழுதுனதுதான். அந்த மாத்திர வயித்துல இருக்கற நல்ல பூச்சியவும் சேத்துக் கொன்னுருது. இதையும் பேப்பர்ல போடு, என் போட்டோவோட.”

“போடு, போடு,” என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து. “பஸ் ஸ்டாண்டுல செருப்பு கழண்டது கூடத் தெரியாம ஒத்தச் செருப்போட வூடு வந்து சேந்தாரு இந்த மகராசன். அதையும் சேத்துப் போடு.”

மாமா சிரித்தார். நானும் சிரித்தபடி குனிந்து பார்த்தேன். வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு வேலமுள் ஒடிந்து நின்றது. சுற்றிலும் கறுத்திருந்தது. விரலால் அழுத்தினேன், சீழ் வந்தது. அவர் தக்காளிச் செடியில் இலை சுருண்டுபோவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். எரிச்சல் ஆறவில்லை. எரிச்சலை உணரும் நரம்பு செத்திருந்தது.

வெட்டிய பத்தியைப் பற்றிச் சொல்ல அதுதான் நேரம். சொல்லாமல் ஆட்டோ கூப்பிட்டேன்.

தர்மபுரியில் டாக்டர் மரப்பு ஊசி போடாமலே புண்ணைக் கீறினார். மாமா கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தார்.

“பாருங்க டாக்டர், துளி கூட வலிக்கல.” குரலில் பெருமை.

“அதனாலதான் எடுக்கணும்ங்கறேன்.”

“எதைங்க?”

“கால, முட்டிக்குக் கீழ. அழுகல் கணுக்காலத் தாண்டி ஏறிருச்சு.”

மாமா என் பக்கம் திரும்பினார்.

“வலிச்சாத்தான மாப்ளே எடுப்பாங்க? நீ படிச்சவன், சொல்லு அவருகிட்ட.”

நர்ஸ் சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டினாள். வழக்கம்போல் ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்தேன். பிறகு அவர் மடியில் வைத்தேன்.

“கையெழுத்துப் போடுங்க மாமா.”