வாசலில் நிற்பதில்லை

கிரேக்கத்தில் தொடங்கி ஜெர்மனியில் முடிகிற தத்துவத்தைத்தான் திருப்பூர்க் கல்லூரியில் பல வருஷமாக நடத்திக்கொண்டிருந்தேன். சண்டை போட்டு இந்தியத் தத்துவத்தையும் பாடத்தில் சேர்த்த முதல் வருஷம் அது. அன்று நியாயம் என்கிற பழைய தர்க்க மரபு. வகுப்பு வாசலில் நின்றபடி, "மேசையில் குடம் இல்லையென்றால், அந்த இல்லாமையையும் நாம் நேரில் அறிகிறோம் என்கிறார்கள்" என்றேன்.

"இல்லாதது எப்படிங்க மேடம் தெரியும்?" பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. பகலெல்லாம் சுற்றிலும் இரைகிற பனியன் கம்பெனி மெஷின்கள் ஒரேயடியாக நின்றன. அந்த அமைதி எல்லோர் காதிலும் விழுந்தது. சிரிப்பு அடங்கியது.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் இருந்த கவிதா மெல்ல எழுந்து வழிவிட்டாள். காலையில் கம்பெனி வேலையை முடித்துவிட்டுத் தாமதமாக வரும் மல்லிகாவுக்கு அவள் தினமும் அப்படித்தான் எழுந்து நிற்பாள். மல்லிகா காய்ச்சலில் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை.

"ஏன் கண்ணு எந்திரிச்சே?"

"தெரியலீங்க மேடம்" என்றவள், என் காலடியையே பார்த்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவளுக்கு முன்பே நான், உள்ளே வரும் யாருக்கோ வழிவிடுவதுபோல, வாசலை விட்டு விலகி நின்றிருந்தேன்.

அந்தப் பாடத்தை இன்றும் நடத்துகிறேன். வாசலில் மட்டும் நிற்பதில்லை.