பலகை அடித்த ஜன்னல்

தங்கையின் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போன திண்டுக்கல் அச்சகத்தில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். ஒடிசலான உடம்பு, சிவந்து கலங்கிய கண்கள். மெஷின் உருளைகளில் ஒட்டிய மையைத் தின்னரால் துடைப்பது அவர் வேலை. துணியை நனைத்ததும் தின்னர் டப்பாவை இறுக்கி மூடிவிடுவார். மறுநிமிடமே திறக்க வேண்டியிருந்தாலும் மூடுவார்.

இருந்த ஒரே ஜன்னலிலும் பலகை அடித்திருந்தது. நெடியில் எனக்குத் தலை சுற்றியது.

“ஜன்னலத் தொறந்தா என்னக்கா?”

“தொறந்துதான் கெடந்துச்சு தம்பி. பின்வீட்டுல கைப்புள்ள இருக்கு. நெடி போயி ஒரே இருமல். நாந்தான் ஓனர்ட்டச் சொல்லி அடைக்க வச்சேன்.”

“நெடி இல்லாம மை தொடைக்கிற மருந்து இருக்குமே?”

“இருக்காம். மை போக நேரமாகும், மெஷின் நின்னுபோகும்னு ஓனர் வேணாங்குறாரு. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.”

“அதுவரைக்கும் நீங்க?”

“வேற பிரஸ்ஸுக்குப் போனாலும் இதே நெடிதான் தம்பி.”

அப்போது பலகைக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அக்கா கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

“வெறும் அழுகைதான், இருமல் இல்ல” என்று சிரித்தார்.

அந்த அடைசலுக்குள் நின்று ஒருவரால் எப்படி அப்படிச் சிரிக்க முடிந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.