பூட்டிய கதவு

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம். என் கணவர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்க உட்கார்ந்தால் எழும்பமாட்டார்; கழுவிய கையையே கழுவுவார். ஒரு மாரிக்காலத்தில் அது தானாக நின்றது. நான் நிம்மதியாக மூச்சுவிடுவதற்குள், கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பத் தொடங்கினார். அதனால் ஒருநாள் சிலாபத்தில் ரயிலைத் தவறவிட்டோம்.

“பூட்டினத உங்கட கண்ணாலதானே பாத்தீங்க?” என்று கத்தினேன்.

“பாத்தன். தெரிஞ்சும் மனசு உடுதில்ல” என்றார்.

கூட வந்த அவருடைய தங்கை அழுதுவிட்டாள். “மதினி, எனக்கும் இப்படித்தான். நான் கழுவுறதுமில்ல, பூட்டுப் பாக்கிறதுமில்ல. என்ட புள்ளயக் கிணத்துல போட்டிருவேனோ எண்டு பயம். அதான் எப்பவும் உங்ககிட்டத் தாறன்.”

என் கையிலிருந்த அவளுடைய குழந்தையை அவள் மடியில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒரே நோய், அண்ணனுக்கு ஒரு விதம், தங்கைக்கு இன்னொரு விதம்.

எரிச்சல் எனக்கு இன்றும் வருகிறது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.