நாலாவது பம்பும் போன பிறகு

1966, குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த சமயம். தென்காசியில் ஒரு மர வியாபாரியின் காருக்கு நான் டிரைவர். வயது இருபத்தெட்டு. இலஞ்சியில் வீடு, கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அது அமெரிக்காவில் செய்த பெரிய கார். மலை எஸ்டேட்காரர் ஒருவர் பத்து வருஷம் ஓட்டிவிட்டு விற்றதை முதலாளி வாங்கியிருந்தார். அதில் பவர் ஸ்டீயரிங் உண்டு. என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்பும். அந்த அழுத்தம் சக்கரங்களைத் திருப்ப உதவும். நாம் ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைச் சுற்றினால் போதும். எங்கே நிறுத்தினாலும் வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடிவிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

அந்தப் பம்புதான் என் பிழைப்பில் மண்ணைப் போட்டது. காரோடு வந்த பம்பு முதலில் போயிற்று. மதராஸிலிருந்து ரயிலில் வேறொன்றை வரவழைத்து, ஒர்க்‌ஷாப் மேஸ்திரி மாட்டிக் கொடுத்தார். ஒரு மாதம் ஓடவில்லை. முனக ஆரம்பித்து அதுவும் நின்றுபோனது. அதைக் கழற்றும்போது பக்கத்தில்தான் நின்றேன். எண்ணெயில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்பாக ஏதோ கிடந்தது. மேஸ்திரியிடம் காட்டினேன்.

“தேஞ்ச இரும்புத் தூளு வே. பம்பு போனா அப்படித்தான் கெடக்கும்” என்றார். தொழில் தெரிந்தவர் சொல்கிறார், நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது பம்பு மாட்டி இருபது நாள் இருக்கும். முதலாளியின் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். இறக்கம், ஈர ரோடு. ஒரு வளைவில் திருப்பினால், பம்பு நின்று ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. எதிரே ஈரத் துண்டோடு ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம் வருகிறது. பிரேக்கை மிதித்து, சீட்டை விட்டு எழும்பி, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு ஒடித்தேன். கார் ஓரத்து மண்மேட்டில் ஏறி நின்றது. யாருக்கும் கீறல் இல்லை. பின்னால் சின்னப் பிள்ளை வீறிட்டு அழுதது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

முதலாளி மேஸ்திரியை வரச்சொல்லிக் காரணம் கேட்டார்.

“ஸ்டீயரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிச்சு, அப்படியே அமுக்கிப் பிடிக்காரு போல அண்ணாச்சி. அப்படிப் பிடிச்சா எந்தப் பம்பும் தாங்காது.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏலே, எம் பிள்ளைகளைக் கொல்லப் பாத்தியே! நாளைலேருந்து இங்கன வராத.”

நான் அப்படிப் பிடிப்பவன் இல்லை. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? ‘ஸ்டீயரிங்கை ஒடிக்கிறவன்’ என்ற பேச்சு எனக்கு முன்னால் போய்விட்டது. கேட்ட இடத்திலெல்லாம் கை விரித்தார்கள். தென்னந்தோப்பில் காய் சுமக்கப் போனேன். “நெசமாவே நீங்க அப்படி ஓட்டலதான?” என்று என் மனைவியே ஒருநாள் கேட்டாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலையில், சாரலில் நனைந்தபடி சைக்கிளில் மேஸ்திரி வந்து இறங்கினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் பையிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எடுத்தார். அதை நெடுக்காகப் பிளந்து வைத்திருந்தார். வெளியே பளபளப்பு, உள்ளே ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து, செதில் செதிலாக உரிந்து தொங்கியது.

“நீரு போன பொறவு வாசுதேவநல்லூர்க்காரரு ஒருத்தர் ஓட்டுதாரு. பூப்போல ஓட்டுவாரு. நாலாவது பம்பு மாட்டிக் குடுத்தேன், அவரு கையிலயும் அது போயிட்டு வே. அப்பந்தான் எனக்கு உறைச்சுது. நீரு கறுப்பாக் கெடக்குன்னு சொன்னது ஞாபகம் வந்து, அந்தத் தூளை விரல்ல வச்சுத் தேச்சேன். இரும்பு இல்ல, ரப்பரு. பம்புக்கு எண்ணெய் போற பழைய குழாயை மாத்தாம நான் பம்பை மட்டும் மாத்திக்கிட்டு இருந்திருக்கேன். இது உதுந்து உதுந்து, புதுப் பம்பு ஒவ்வொண்ணையும் தின்னுருக்கு.” சற்று நிறுத்தி, “உம்ம மேல தப்பில்ல. சட்டையப் போட்டுட்டு வாரும், முதலாளிகிட்டப் போவோம்” என்றார்.

மரக்கடையில் வியாபாரிகள், சுமையாட்கள், கணக்குப்பிள்ளை என்று பத்துப் பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் குழாயைக் காட்டி, “தப்பு எம் பேர்ல அண்ணாச்சி. இவரைச் சொன்னது பொய்யாப் போச்சு” என்றார்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “குழாயைப் பாக்கத் தெரியாதவன்கிட்டயா இத்தன நாளும் வண்டியைக் குடுத்தேன்? இனி வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்” என்று கத்திவிட்டு, என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “நீ நாளைக்கு வந்திரு” என்றார்.

மேஸ்திரி தலை குனிந்து வெளியே நடந்தார். என்ன துணிச்சலோ, நான் சொன்னேன்: “அண்ணாச்சி, நான் ஓட்டணும்னா வண்டிய இவருதான் பாக்கணும். தன் தப்பைத் தானே வந்து சொல்லுதவரு, இவரை நம்பித்தான் உங்க பிள்ளைகளை ஏத்த முடியும்.”

முதலாளி அந்தக் குழாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “சரி, கூப்பிடு அவனை” என்றார்.

மேஸ்திரி எண்ணெய்ப் பாதை முழுவதையும் கழுவி, குழாய்களையெல்லாம் மாற்றி, ஐந்தாவது பம்பை மாட்டினார். கார் விற்கப்படும்வரை, ஆறு வருஷம், அது ஒருமுறைகூட முனகவில்லை. அன்று கார் மண்மேட்டில் ஏறியபோது உள்ளே இருந்த முதலாளி வீட்டம்மா, மறுபடி காரில் ஏறியபோது, “வெரசலாப் போவோம்யா, பிள்ளைங்க அருவிக்குத் துடிக்குதுங்க” என்று இயல்பாகச் சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் குழாயை மேஸ்திரி சத்தமில்லாமல் மாற்றியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நானும் ஆயுள் முழுக்கத் தேங்காய் சுமந்திருப்பேன். அதற்குப் பிறகு என் தப்பை நானே சொல்லவேண்டிய வேளை பலமுறை வந்தது. வாய் எழாமல் தயங்கும்போதெல்லாம், எனக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளத் துணிந்த அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன், சொல்லிவிடுவேன்.